ஒரு வியாழன் அளவு ஏற்றத்தாழ்வு: நியூட்ரான் விண்மீன்கள் ஏன் இப்படிப் பாய்கின்றன?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் பல்சர் கட்டுரையில், ‘சில நியூட்ரான் விண்மீன்கள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன’ என்று ஒரே ஒரு வரி வந்தது. (கனமான விண்மீன் வெடித்த பின் மிஞ்சும், மிக அடர்ந்து சுருங்கிய கருவே நியூட்ரான் விண்மீன். அது சுழலும்போது சீரான ரேடியோத் துடிப்புகளாக நமக்குத் தெரிந்தால் அதுவே பல்சர்.) அந்த வேகத்துக்குக் காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டோம், வாசகர்கள் விடவில்லை. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த வரியைப் பற்றியே இருந்ததால், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கே: நியூட்ரான் விண்மீன்களின் சராசரி வேகமாகச் சொல்லப்படும் நொடிக்கு 400 கி.மீ. என்பது விண்வெளியில் பெரிய வேகமா? சூரியனே நொடிக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது என்று படித்திருக்கிறேன்.

ப: படித்தது சரி. சூரியன் பால்வீதியின் மையத்தைச் சுற்றி நொடிக்கு ஏறக்குறைய 230 கி.மீ. வேகத்தில் போகிறது. ஆனால் அக்கம்பக்கத்து விண்மீன்களும் அதே திசையில், கிட்டத்தட்ட அதே வேகத்தில் கூடவே வருகின்றன. ஒரே ரயிலில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல, ஒன்றைப் பார்த்து இன்னொன்று நகர்வது கொஞ்சம்தான். நியூட்ரான் விண்மீனைப் பெற்றெடுக்கும் கனமான விண்மீன்கள் அந்தக் கூட்டத்திலேயே சாதுவானவை. அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் அவற்றின் வேகம் நொடிக்குப் பத்து, இருபது கி.மீ.தான். அப்படிப்பட்ட ஒன்று வெடித்து மிஞ்சும் கரு, அதே அளவுகோலில் நொடிக்கு 200, 400, சில வேளைகளில் 1,000 கி.மீ. காட்டுகிறது. தாயிடம் இல்லாத வேகம் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் புதிர்.

400 கி.மீ. என்றால் ஒளியின் வேகத்தில் 750-இல் ஒரு பங்கு. பத்து லட்சம் ஆண்டுகளில் 1,300 ஒளியாண்டுக்கு மேல் கடந்துவிடலாம். சூரியன் இருக்கும் இடத்திலிருந்து பால்வீதியின் ஈர்ப்பை அறுத்துக்கொண்டு வெளியேற நொடிக்குச் சுமார் 550 கி.மீ. போதும். ஆகவே வேகமான நியூட்ரான் விண்மீன்கள் பால்வீதிக்குத் திரும்பப் போவதே இல்லை.

இந்தச் சந்தேகம் முதலில் எழுந்தது வேகத்தை அளந்து அல்ல, இருப்பிடத்தைப் பார்த்து. 1967-இல் முதல் பல்சர் கண்டுபிடிக்கப்பட்டு மூன்றே ஆண்டுகளில், கன், ஆஸ்ட்ரைக்கர் என்ற இரு வானியலாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கனமான விண்மீன்கள் பால்வீதித் தட்டின் நடுத்தளத்தை ஒட்டியே கிடக்கின்றன. பல்சர்களோ அதற்கு மேலும் கீழும் வெகுதூரம் பரவிக் கிடக்கின்றன. தட்டில் பிறந்தவை அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டுமானால், பிறக்கும்போதே வேகத்தோடு பிறந்திருக்க வேண்டும்.

கே: ஆயிரக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால், இருபது, இருபத்தைந்து கி.மீ. அகலமே உள்ள ஒன்றின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

ப: ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்த்துவிடலாம். பி1508+55 என்ற பல்சர். இதை அளந்தது வி.எல்.பி.ஏ. ரேடியோ தொலைநோக்கி வரிசை: ஒவ்வொன்றும் 25 மீட்டர் விட்டம் கொண்ட பத்துக் கிண்ணங்கள், ஹவாயிலிருந்து கரீபியத் தீவு வரை பரவியவை. பத்தும் ஒரே நேரத்தில் ஒரே பல்சரைப் பார்த்து, பதிவுகளை ஒன்றுசேர்த்தால், பல ஆயிரம் கி.மீ. அகலமுள்ள ஒரே தொலைநோக்கியின் கூர்மை கிடைக்கும்.

ஒரு பாகையை 60 கலையாகவும், ஒரு கலையை 60 விகலையாகவும் பிரிப்பார்கள். இந்தப் பல்சர் வானில் ஆண்டுக்குச் சுமார் 0.097 விகலை நகர்கிறது. அதோடு, பூமி சூரியனைச் சுற்றுவதால் அதன் இடம் ஆண்டுதோறும் முன்னும் பின்னும் சிறிது ஆடுவதுபோலத் தெரியும். அந்த இடமாறு தோற்றத்திலிருந்து தொலைவு கிடைக்கிறது: சுமார் 2,370 பார்செக், அதாவது 7,700 ஒளியாண்டு. இனி ஒரே ஒரு பெருக்கல்தான். விகலையில் ஆண்டு நகர்வு × பார்செக்கில் தொலைவு × 4.74. விடை நொடிக்குக் கி.மீ.யில் வரும். 0.097 × 2,370 × 4.74 = ஏறக்குறைய 1,090. ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட துல்லியமான மதிப்பு 1,083.

இதில் தவறு நுழையும் இடங்கள் மூன்று. முதலாவது, பூமியின் அயனி மண்டலம். ரேடியோ அலைகளை அது வளைத்துவிடுவதால் பல்சர் இல்லாத இடத்தில் இருப்பதுபோலத் தெரியும். அதனால் வானில் பல்சருக்கு மிக அருகில், இடம் நன்றாகத் தெரிந்த குவேசர் (மிகத் தொலைவிலுள்ள, பிரகாசமான விண்மீன்திரள் மையம்) ஒன்றை மாறிமாறிப் பார்த்து, பிழையைக் கழித்துக்கொண்டே போவார்கள்.

இரண்டாவது, தொலைவு. இடமாறு தோற்றம் கிடைக்காத பல்சர்களுக்கு, வழியில் உள்ள எலக்ட்ரான்கள் தாழ்ந்த அதிர்வெண் அலைகளை எவ்வளவு தாமதப்படுத்துகின்றன என்று பார்த்துத் தொலைவை மதிப்பிடுகிறார்கள். எந்தத் திசையில் எவ்வளவு எலக்ட்ரான் அடர்த்தி என்ற மாதிரி சரியாக இருந்தால்தான் இது பலிக்கும். தொலைவு இரண்டு மடங்கு பிசகினால் வேகமும் இரண்டு மடங்கு பிசகும். நாளிதழ்களில் வரும் ‘அதிவேக’ச் செய்திகள் சில பின்னால் சுருங்கிப்போவது இதனால்தான். அளவீடே மாறிய கதையும் உண்டு. பப்பிஸ் ஏ என்ற, வெடித்த விண்மீனின் சிதறலில் உள்ள நியூட்ரான் விண்மீனுக்குச் சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் தொடக்கப் படங்களை வைத்து 2007 வாக்கில் நொடிக்கு 1,500 கி.மீ. என்றார்கள். படங்களுக்கிடையே ஆண்டு இடைவெளி கூடக்கூட அது பாதியாகக் குறைந்துவிட்டது.

மூன்றாவது, இந்த முறையில் நம் பார்வைக்குக் குறுக்கே போகும் வேகம் மட்டுமே கிடைக்கும். நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகத்தைச் சாதாரண விண்மீன்களில் நிறமாலைக் கோடுகளின் நகர்வால் அறியலாம். பல்சரின் ரேடியோ ஒளியில் அப்படிக் கோடுகளே இல்லை. அதனால் தனித்தனியாகச் சரிசெய்ய வழியில்லை; கூட்டமாகத்தான் திருத்துகிறார்கள். திசைகள் எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறியிருந்தால், குறுக்கு வேகங்களின் சராசரியை 1.27-ஆல் பெருக்கினால் முழு வேகத்தின் சராசரி வரும்.

இன்னொரு வழி, துடிப்பு வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டே போவது. பல்சரின் இடத்தை ஒரு விகலை தவறாக வைத்தாலும், பூமியின் சுற்றுப்பாதையால் துடிப்பு நேரத்தில் ஆண்டுக்கொரு முறை ஏறி இறங்கும் 2.4 மில்லிநொடி அலை தெரியும். பல்சர் நகர்ந்துகொண்டே இருந்தால் அந்த அலையின் உயரம் ஆண்டுக்கு ஆண்டு கூடும். அழகான முறை. ஆனால் இளம் பல்சர்களின் சுழற்சியே தடுமாறுவதால் இந்தச் சிறிய அலை அதில் மூழ்கிப்போகும். பிறந்த வேகத்தை அறிய நமக்கு இளம் பல்சர்கள்தான் வேண்டும், அவற்றிடம்தான் இந்த முறை திணறுகிறது.

கே: வெடிப்பு என்றால் நான்கு பக்கமும் ஒரே மாதிரிதானே வெடிக்கும்? நடுவில் இருப்பது ஏன் நகர வேண்டும்?

ப: நான்கு பக்கமும் ஒரே மாதிரி வெடித்தால் நகரவே நகராது. நகர்கிறது என்பதே வெடிப்பு ஒரு பக்கம் சாய்ந்தது என்பதற்குச் சாட்சி. எப்படிச் சாய்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் போய்ப் பார்ப்போம்.

கனமான விண்மீனின் நடுவில் இரும்புக் கரு ஒன்று சேர்ந்திருக்கும். நிறை ஏறக்குறைய 1.4 சூரியன், பருமனோ பூமியைவிடச் சிறியது. தாங்கிப் பிடிக்கும் அழுத்தம் போதாமல் போனதும் அது ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் சரிந்துவிடுகிறது. உட்பகுதி விழும் வேகம் ஒளியின் வேகத்தில் கால்வாசியை எட்டும். அணுக்கருவின் அடர்த்தியை, அதாவது கன சென்டிமீட்டருக்கு 27 கோடி டன்னை, தொட்டதும் பொருள் விறைத்துக்கொண்டு பின்வாங்கித் துள்ளும். அந்தத் துள்ளலில் ஓர் அதிர்ச்சி அலை வெளியே கிளம்புகிறது.

கிளம்பிய அலை விண்மீனை வெடிக்க வைத்துவிடும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். உண்மையில் அது மையத்திலிருந்து 150, 200 கி.மீ. தொலைவிலேயே மூச்சுவாங்கி நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து பொருள் கொட்டிக்கொண்டே இருக்கிறது. இரும்பு அணுக்கருக்களை உடைப்பதிலேயே அலையின் ஆற்றல் கரைந்துபோகிறது. அடுத்த சில நூறு மில்லிநொடிகள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. புதிதாகப் பிறந்த நியூட்ரான் விண்மீனிலிருந்து வெள்ளமாகப் பாயும் நியூட்ரினோக்கள் (பொருளோடு அரிதாகவே மோதும் மிக நுண்ணிய துகள்கள்), அலைக்குக் கீழே தேங்கிய வாயுவைச் சூடாக்குகின்றன. அடுப்பில் வைத்த பால்போல அது கொதிக்கும்: சூடான குமிழ்கள் மேலேறும், குளிர்ந்த பொருள் விழுதுகளாகக் கீழே இறங்கும். அதற்கு மேல், நின்றுபோன அதிர்ச்சி அலை முழுவதுமே தொட்டியிலுள்ள தண்ணீர் தளும்புவதுபோல ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தளும்பத் தொடங்குகிறது. இந்தத் தளும்பலை 2003-இல் பிளாண்டினும் கூட்டாளிகளும் கணினிக் கணக்கீட்டில் காட்டினார்கள்.

சின்னக் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, கடைசியில் ஒன்றிரண்டு பெருங்குமிழ்களே மிஞ்சும். எந்தப் பக்கம் பெருங்குமிழ் இருக்கிறதோ அந்தப் பக்கம் வெடிப்பு முந்திக்கொண்டு வேகமாக வெளியேறும். மறுபக்கம் பொருள் மெதுவாக, அடர்த்தியாக, நியூட்ரான் விண்மீனுக்குப் பக்கத்திலேயே நெடுநேரம் தங்கும். அது எந்தப் பக்கம் என்பதை ஏறக்குறைய தற்செயலே முடிவுசெய்கிறது.

கே: அப்படியானால் துப்பாக்கி சுட்டால் பின்னுக்குத் தள்ளுவதுபோல, வெடிப்பு நியூட்ரான் விண்மீனைத் தள்ளுகிறது, அவ்வளவுதானே?

ப: பெரும்பாலோர் மனதில் இருக்கும் படம் இதுதான். திசை சரி: வலுவாக வெடித்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அது போகிறது. மொத்த உந்தம் மாறாது என்ற விதியும் அப்படியே. ஆனால் வேலை நடக்கும் விதம் வேறு. பெரும் பங்கு வேலையைச் செய்வது ஈர்ப்பு. மெதுவாக நகரும் அந்த அடர்ந்த பொருள், இழுவைப்படகு கப்பலைக் கயிறு கட்டி இழுப்பதுபோல நியூட்ரான் விண்மீனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வானியற்பியல் நிறுவனத்தில் ஜங்கா குழுவினர் விரிவாகக் கணக்கிட்ட இந்த வழிக்கு ‘இழுவைப்படகு’ என்றே பெயர்.

எவ்வளவு ஏற்றத்தாழ்வு வேண்டும் என்று ஒரு சிறு கணக்கால் பார்த்துவிடலாம். விண்மீனின் ஒரு பாதியில் சராசரியைவிட ஆயிரத்தில் ஒரு சூரிய நிறை கூடுதலாகவும், மறுபாதியில் அதே அளவு குறைவாகவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பொருள் மையத்திலிருந்து 100 கி.மீ. தொலைவில் தொடங்கி நொடிக்கு 5,000 கி.மீ. வேகத்தில் விலகிப் போகட்டும். விலகும் ஒவ்வொரு கணத்திலும் அதன் ஈர்ப்பு விண்மீனை இழுக்கும். அந்த இழுப்பைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் வேகம், ஈர்ப்பு மாறிலி × நிறை வேறுபாடு × 2, அதைத் தொடக்கத் தொலைவு × விலகும் வேகத்தால் வகுத்தது. எண்களைப் போட்டால் நொடிக்கு 530 கி.மீ.க்கு மேல் வருகிறது!

ஆயிரத்தில் ஒரு சூரிய நிறை என்பது ஏறக்குறைய வியாழன் கோளின் நிறை. பல சூரிய நிறை பொருள் பறந்து சிதறும் இடத்தில், ஒரே ஒரு வியாழன் அளவு பொருள் இந்தப் பக்கம் கூடி அந்தப் பக்கம் குறைந்தாலே போதும், 1.4 சூரிய நிறையுள்ள பந்து பால்வீதியைவிட்டே வெளியேறும் வேகத்தை நெருங்கிவிடும். இந்த இயற்பியலில் நம்மை மிகவும் ஈர்ப்பது இந்தக் கணக்குதான். அசாதாரணமான எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. கொதிக்கும் வாயு எப்படியும் சமமாக இராது, அந்த அளவு சமமின்மையே போதுமானது.

உண்மையில் இது ஒரே இழுப்பில் முடிவதில்லை. தொடக்கத்தில் விழுதுகளாக இறங்கும் பொருள் மோதியும், வாயு அழுத்தியும் வெவ்வேறு பக்கம் தள்ளும். அவற்றில் பாதிக்கு மேல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். வெடிப்பு கிளம்பிய பிறகு திசை நிலைத்து, பல நொடிகளுக்கு வேகம் ஏறிக்கொண்டே இருக்கும். கணினிக் கணக்கீட்டை அரை நொடியில் நிறுத்திவிட்டால் வேகம் குறைவாகத்தான் தெரியும். பழைய கணக்கீடுகள் சில நொடிக்கு 500 கி.மீ.யைத் தொட முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இரு பரிமாணக் கணக்கீட்டில் வேறொரு சிக்கல்: அதில் எல்லாம் ஓர் அச்சைச் சுற்றியே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருப்பதால், சாய்வு செயற்கையாகப் பெருத்துவிடும். முப்பரிமாணத்தில், பல நொடிகள் வரை போட்டால்தான் நம்பத்தக்க எண் வரும்.

கே: வெடிப்பின் ஆற்றலில் 99 விழுக்காடு நியூட்ரினோவாகத்தானே போகிறது? அவை ஒரு பக்கம் சற்று அதிகமாகப் போனாலே ராக்கெட் ஆகிவிடாதா?

ப: ஆகிவிடும். கணக்கு உங்கள் பக்கம்தான். நியூட்ரினோக்கள் எடுத்துச் செல்லும் ஆற்றல் ஏறக்குறைய 3 × 10⁴⁶ ஜூல். அதை ஒளியின் வேகத்தால் வகுத்தால் மொத்த உந்தம் 10³⁸ (கிலோகிராம்-மீட்டர்/நொடி). அதில் ஒரு விழுக்காடு சாய்ந்தால் 10³⁶. நியூட்ரான் விண்மீனின் நிறை 2.8 × 10³⁰ கிலோகிராம். வகுத்தால் நொடிக்கு 360 கி.மீ.

அந்த ஒரு விழுக்காட்டைப் பெறுவதில்தான் சிக்கல். நியூட்ரினோக்கள் அடர்ந்த பொருளுக்குள் முட்டி மோதி, பல நொடிகள் எடுத்துக்கொண்டு கசிந்து வெளியேறுகின்றன. அந்தக் கசிவில் திசை வேறுபாடு பெரும்பாலும் அழிந்துவிடும். காந்தப்புலம் சாய்க்கும் என்று வைத்தால், 10¹⁵ – 10¹⁶ காஸ் புலம் விண்மீனின் உள்ளே ஒழுங்காக அமைந்திருக்க வேண்டும். அப்படியானால் காந்தப்புலம் மிக வலுவான நியூட்ரான் விண்மீன்களான மேக்னெட்டார்கள்தான் எல்லாவற்றையும்விட வேகமாக ஓட வேண்டும். அளந்து பார்த்தால் அவற்றின் வேகம் நொடிக்கு 200 கி.மீ.யை ஒட்டி, மற்றப் பல்சர்களைப் போலவே இருக்கிறது.

இருந்தாலும் நியூட்ரினோவின் பங்கு சுழியம் அல்ல. 2014 முதல் வந்த முப்பரிமாணக் கணக்கீடுகளில், இரு வகை நியூட்ரினோக்களின் வெளியேற்றம் இரண்டு பாதிக்கோளங்களில் தானாகவே வேறுபடுவது தெரிந்தது. இதனால் நொடிக்குச் சில பத்து கி.மீ., அரிதாக 100 கி.மீ. அளவு கிடைக்கும். மெதுவாகப் போகும் நியூட்ரான் விண்மீன்களுக்கு அது பெரிய பங்கு, 500 கி.மீ. ஓடுவதற்கு அது காணாது.

கே: இதெல்லாம் கணினியில். வானத்தில் சான்று உண்டா?

ப: உண்டு. அதில் சிறந்தது காசியோப்பியா ஏ என்ற, வெடித்த விண்மீனின் சிதறல். சுமார் 11,000 ஒளியாண்டு தொலைவு, வெடித்து ஏறக்குறைய 350 ஆண்டு. நடுவிலுள்ள நியூட்ரான் விண்மீனை 1999-இல் சந்திரா தன் முதல் படத்திலேயே காட்டிக்கொடுத்தது. அங்கே தேட வேண்டிய பொருள் டைட்டானியம்-44. காரணம், அது விண்மீனின் நெடுநாள் வாழ்வில் உண்டானது இல்லை, வெடிப்பின் சூட்டில், நியூட்ரான் விண்மீனுக்குப் பக்கத்திலேயே பிறப்பது. அரை ஆயுள் சுமார் 60 ஆண்டு என்பதால் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது சிதையும்போது 68, 78 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் கதிர் விடும். நூஸ்டார் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி அந்தக் கதிரில் படமெடுத்து 2014-இல் வெளியிட்டபோது, டைட்டானியம் கட்டிகட்டியாக, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. பெரும்பகுதி, நியூட்ரான் விண்மீன் போகும் திசைக்கு எதிர்ப்பக்கம்! வலுவாக வெடித்த பக்கம்தான் கனமான தனிமங்கள் அதிகம் உண்டாகிப் பறக்கும், விண்மீன் மறுபக்கம் போகும் என்று கணக்கீடு முன்பே சொல்லியிருந்தது.

பப்பிஸ் ஏ-யிலும் இதே கதைதான். அங்கே வேகமான ஆக்ஸிஜன் கட்டிகள் ஒரு பக்கம், நியூட்ரான் விண்மீன் அதற்கு எதிர்ப்பக்கம்.

கே: இரட்டை விண்மீனில் ஒன்று வெடித்தால் மற்றொன்று கவணிலிருந்து விடுபட்ட கல்லாகப் பறக்கும் என்கிறார்களே. இதற்கு அதுவே போதாதா?

ப: 1961-இல் வானியலாளர் பிளாவ் சொன்ன விளக்கம் அது. வட்டப் பாதையில் சுற்றும் இரட்டையில், வெடிப்பால் மொத்த நிறையில் பாதிக்கு மேல் சட்டென்று போய்விட்டால், பிணைப்பு அறுந்து இரண்டும் தத்தம் சுற்று வேகத்தோடு பிரிந்துபோகும். தப்பியோடும் கனமான விண்மீன்கள் பலவற்றுக்கு இது நல்ல விளக்கம். ஆனால் சுற்று வேகம் பொதுவாக நொடிக்குச் சில பத்து கி.மீ., நெருங்கிய இரட்டைகளில் 100, 200. அதிலிருந்து 1,000 கி.மீ.யை எடுக்க முடியாது.

இன்னொரு தடயம், ஹல்ஸ் – டெய்லர் இரட்டை எனப்படும் பி1913+16. ஒரு பல்சரும் இன்னொரு நியூட்ரான் விண்மீனும் ஒன்றையொன்று சுற்றும் இணை அது. இங்கே பிணைப்பு அறுபடவில்லை. ஆனால் பல்சரின் சுழற்சி அச்சு, சுற்றுப்பாதைக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்கிறது. அதனால் அச்சு பம்பரம்போல, சுமார் 300 ஆண்டுக்கு ஒரு சுற்று, தள்ளாடுகிறது. துடிப்பின் வடிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. நிறை மட்டும் சமமாகக் குறைந்திருந்தால் பாதையின் தளம் திரும்பாது. இரண்டாவது வெடிப்பில் யாரோ குறுக்கே உதைத்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

கே: எல்லா நியூட்ரான் விண்மீன்களுக்கும் இந்த உதை கிடைக்குமா?

ப: இல்லை. வேலா பல்சரின் குறுக்கு வேகம் நொடிக்குச் சுமார் 60 கி.மீ.தான், நண்டு நெபுலாவில் இருப்பதற்கு 120. கோளக் கொத்துகள், அதாவது ஈர்ப்பால் பிணைந்த உருண்டையான விண்மீன் கூட்டங்கள், இன்னும் அழுத்தமாகப் பேசுகின்றன. அவற்றிலிருந்து தப்பிக்க நொடிக்கு 50 கி.மீ. அளவே போதும். எல்லாமே 400 கி.மீ.யோடு பிறந்தால் அங்கே ஒன்றுகூட மிஞ்சியிருக்கக் கூடாது. 47 டுகானே என்ற ஒரே கொத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பல்சர்கள் இருக்கின்றன.

8 முதல் 10 சூரிய நிறை வரையுள்ள சிறிய விண்மீன்களிடம் இதற்கு விடை இருக்கலாம். அவற்றில் சிலவற்றின் கருவில் எலக்ட்ரான்கள் அணுக்கருவால் விழுங்கப்பட்டு, இரும்புக் கரு உண்டாகும் முன்பே சரிவு தொடங்கிவிடும். கருவைச் சுற்றி வெளியே பொருள் அதிகம் இல்லாததால் அதிர்ச்சி அலை நின்று தளும்ப நேரமில்லை, உடனே வெடித்துவிடும். தளும்பல் இல்லையென்றால் சாய்வும் இல்லை, உதையும் சில பத்து கி.மீ.யோடு சரி. 2003-இல் கண்டுபிடித்த இரட்டைப் பல்சர் ஜே0737-3039 இதற்குப் பொருந்துகிறது. அதில் இரண்டாவதாகப் பிறந்ததன் நிறை 1.25 சூரியன் மட்டுமே, பாதை கிட்டத்தட்ட வட்டம், முதல் பல்சரின் அச்சு சாயவே இல்லை.

கே: இரண்டு நொடியில் 400 கி.மீ. வேகம் என்றால் அந்த விண்மீன் உடைந்துபோகாதா?

ப: அந்த முடுக்கம் பூமியின் ஈர்ப்பைப்போல 20,000 மடங்கு. ஆனால் நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் அதன் சொந்த ஈர்ப்பு பூமியைவிடப் பத்தாயிரம் கோடி மடங்குக்கு மேல். அதன் முன் இந்த உதை அறுபது லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதோடு ஈர்ப்பின் இழுப்பு உடம்பு முழுவதையும் சேர்த்தே இழுக்கிறது, ஓரிடத்தில் அடிப்பதில்லை.

கே: கருந்துளைகளும் இப்படி ஓடுமா?

ப: சில ஓடும், சில அசையவே அசையாது. சிதறல் முழுவதும் திரும்ப உள்ளேயே விழுந்துவிட்டால், உந்தத்தை எடுத்துச் செல்ல வெளியே எதுவும் இல்லை. நியூட்ரினோவின் சிறு சாய்வுதான் மிச்சம். வி404 சிக்னி என்ற கருந்துளை இரட்டைக்கு, சூரியன் – பூமி தொலைவைப்போல 3,500 மடங்கு தள்ளி, மெல்லிய பிணைப்பில் மூன்றாவது விண்மீன் ஒன்று இருப்பது 2024-இல் தெரிந்தது. நொடிக்கு ஐந்து கி.மீ. உதைகூட அதை உதறிவிட்டிருக்கும்.

கே: சராசரி வேகம் என்று ஒரு புத்தகத்தில் 450, இன்னொன்றில் 400, இப்போது அதைவிடக் குறைவு என்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது? பல்சர் பட்டியலை வைத்து நானே கணக்கிடலாமா?

ப: 450 என்பது 1994-இல் லைன், லோரிமர் தந்தது. 400 என்பது 2005-இல் ஹாப்ஸ் குழுவினர் 233 பல்சர்களின் நகர்வைத் தொகுத்தபோது வந்தது. இருபது ஆண்டுகள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்திய எண் அது. 2025-இல் டிஸ்பெர்க், மாண்டெல் இருவரும் அதைத் திருப்பிப் பார்த்தபோது, வேகங்களை மடக்கை அளவில் பட்டை பட்டையாகப் பிரித்த இடத்தில், பட்டைகளின் அகலத்துக்கான திருத்தக் காரணி விடுபட்டிருந்ததைக் காட்டினார்கள். திருத்தினால் மிகுதியாகக் காணப்படும் வேகம் நொடிக்கு 150 – 200 கி.மீ. பக்கம் இறங்குகிறது, வேகம் கூடிய பக்கம் நீண்ட வாலோடு. நாம் எடுத்துக்கொள்வதானால் இந்தப் பரவலைத்தான் எடுத்துக்கொள்வோம். ஒற்றைச் சராசரி எண்ணை வைத்துப் பேசுவதை விட்டுவிடலாம்.

நீங்களே கணக்கிடலாம். ஆஸ்திரேலியாவின் ஏ.டி.என்.எஃப். பல்சர் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. ஆண்டு நகர்வு, தொலைவு, சுழற்சிக் காலம், அது மந்தமாகும் வீதம் ஆகிய நான்கையும் எடுங்கள். முதலில் மில்லிநொடிப் பல்சர்களையும் (சில மில்லிநொடிக்கு ஒரு முறை சுழல்பவை) கோளக் கொத்தில் உள்ளவற்றையும் நீக்குங்கள். அவை வேறு வாழ்க்கை வாழ்ந்தவை. காலத்தை மந்த வீதத்தின் இரு மடங்கால் வகுத்தால் உத்தேச வயது வரும். 30 லட்சம் ஆண்டுக்கு மேற்பட்டதைத் தள்ளிவிடுங்கள். அதற்கு மேல் போனால் வேகமானவை பார்வையை விட்டே போயிருக்கும், மிஞ்சியவற்றின் வேகத்தையும் பால்வீதியின் ஈர்ப்பு மாற்றியிருக்கும். பிறகு 4.74 பெருக்கல். அதிலிருந்து சூரியனின் சொந்த நகர்வையும் பால்வீதிச் சுழற்சியையும் கழியுங்கள். இடமாறு தோற்றத்தால் தொலைவு கிடைத்தவற்றைத் தனியாகவும், எலக்ட்ரான் மாதிரியால் கிடைத்தவற்றைத் தனியாகவும் வைத்து இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள்.

உத்தேச வயதை மட்டும் அதிகம் நம்பிவிட வேண்டாம். ஜே0538+2817 என்ற பல்சருக்கு அந்த வாய்பாடு ஆறு லட்சம் ஆண்டு என்கிறது. அது பிறந்த எஸ்147 சிதறலின் மையத்திலிருந்து இப்போதிருக்கும் இடத்துக்கு வர, அதன் வேகத்தில், 40,000 ஆண்டு அளவுதான் ஆகியிருக்கும்.